பொருநையின் தலைநீர்

நம் பாடநூல்களுள் அருவி என்னுஞ் சொல் வாராத நாள் அரிது. குறிஞ்சிப் பாட்டு எதனைத் திறப்பினும் வரையும் வேங்கையும் மந்தியும் அருவியும் வந்து நிற்கும். உரையாசிரியர்கள் அருவிக்குப் பொருள் எழுதினாரல்லர். எழுதவேண்டிய தேவை அவர்கட்கு நேரவில்லை. நம் வகுப்பு மாணவருள்ளோ பலர் தேரிக்காட்டிலும் கடற்கரையூர்களிலும் பிறந்து வளர்ந்தோர். மலையை மேற்கு வானத்தில் நீலக் கோடாகக் கண்டதன்றி அதனுள் அடி வைத்தறியாதோர். இக்குறையை உணர்ந்த ஆசிரியர், ஐப்பசித் தொடக்கத்தில் தமிழ்த்துறை மாணவர் 30 பேரைப் பாபநாச மலைக்கு ஒரு நாட் செலவாக அழைத்துச் சென்றனர். ஆங்கு உண்டதும் பாடியதும் ஈண்டு எழுதப்படா. இனிச் செல்லும் மாணவர் எவற்றை நோக்கவேண்டும், நோக்கியவற்றால் நூற்பொருள் எவ்வாறு தெளிவுறும் என்பனவே இக்கட்டுரையின் பொருளாம்.

முதற்கண் ஆற்றின் பெயரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மக்கள் தாமிரபரணி என்பர். புலவர் பொருநை என்பர். தாமிரபர்ணி என்னும் பெயர் மகாபாரதத்திலும் வருகின்றது. காளிதாசனுடைய இரகுவம்சத்திலும் வருகின்றது. பின்னதில் அவ்வாறு கடலொடு கலக்குமிடமும் ஆங்குப் பிறக்கும் முத்தும் ஒருங்கே பேசப்படுகின்றன. இலங்கைக்கும் பண்டு தம்பபண்ணி என்னும் பெயர் வழங்கிற்று. ஆற்றின் பெயர் தீவிற்குச் சென்றதோ, தீவின் பெயர் ஆற்றிற்கு வந்ததோ என்பது நெடுங்கால வினா. கால்டுவெல் ஐயரும் 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலிச் சரித்திர நூலில் இதனை ஆராய்ந்துள்ளார்.

பொருநை என்னும் பெயரில் மாணவர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். சங்கப் பாடல்களில் சேரருடைய வஞ்சியொடு சேர்த்துப் பேசப்படும் தண்பொருநை நம் ஆறு அன்று. அஃது ஆன்பொருநை, கருவூர்ப் பக்கத்து அமராவதி என்று அறிஞர் பலரும் கொள்வர். இப்பெயரொற்றுமையை நோக்காது, தேர்வுத்தாளில் சேரமன்னரை நெல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்துவோர் ஆண்டுதோறும் சிலர் உளர் என்று ஆசிரியர் நகைத்துக் கூறுவதுண்டு. பொதியிலைச் சார்ந்த பொருநையைக் கம்பர், சீதையைத் தேடப் புறப்படும் வானரர்க்கு வழி கூறுமிடத்துக் குறிக்கின்றார். பொதியில் மலையைத் தனதாக்கி ஆண்ட ஆய் அண்டிரனை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய புறநானூற்றுப் பாடல்களை இச்செலவிற்கு முன்னர் ஒருமுறை படித்துக்கொள்ளுதல் நன்று.

பாளையங்கோட்டையிலிருந்து பாபநாசம் சற்றேறக்குறைய 50 கிலோமீட்டர். சேரன்மாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் ஆகிய ஊர்களை யடுத்து வழி செல்கின்றது. இவ்வழியில் வண்டியுள் உறங்குதல் ஆகாது. ஏனெனில், மலையில் பெய்யும் மழையின் கணக்கை ஈண்டு வயலிலேயே படிக்கலாம். நெல்லைச் சீமையின் உழவர் கார் என்றும் பிசானம் என்றும் இரண்டு பயிர் கூறுவர். கார் நெல் தென்மேற்குப் பருவமழையின் நீரைக் கொண்டு ஆனி ஆடியில் நடப்பட்டுப் புரட்டாசியளவில் அறுவடையாகும். பிசானம் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசி கார்த்திகையில் தொடங்கி மாசி பங்குனியில் முடிவுறும். யாம் சென்ற காலம் இரண்டிற்கும் இடைப்பட்டது. ஒரு வயலில் காரின் தாள் நிற்க, அடுத்த வயலில் பிசானத்திற்கு நாற்றங்கால் பச்சையிட்டிருந்தது. இரு பருவத்து மழையையும் பெறும் மலை தலையில் இருத்தலினாலேயே இவ்வாறு வற்றா ஆறாக விளங்குகின்றது என்பதனை அவ்வொரு காட்சி சொல்லாமற் சொல்லிற்று.

இந்நீரைத் தேக்கி வயலுக்கு விடுதற்கு ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுக்கள் உள. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் பழையன. எட்டாவதாகிய ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. நதியுண்ணி என்னும் பெயரை நோக்குக. ஆற்றையே உண்ணும் அணை என்று ஒருவன் பெயரிட்டான். அவன் இலக்கணங் கற்றவனோ அல்லனோ, வினையாலணையும் பெயரை நம்மினும் நன்கு ஆண்டிருக்கின்றான்.

விக்கிரமசிங்கபுரத்தில் பெரிய நூலாலை யொன்று தோன்றும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹார்வி என்னும் வெள்ளையர் இங்கு ஆலை நிறுவியதற்குக் காரணம் பருத்தி மட்டும் அன்று. மலையினின்று விழும் நீரின் விசையுமாம். 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஏற்பட்டபோது அவ்விசையே மின்னாயிற்று. ஆற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர். அகத்தியர் மலையின் சிகரமோ 1,868 மீட்டர் உயரமுடையது. மலையடியை அடைவதற்குள்ளேயே ஆறு தன் இறக்கத்தின் பெரும்பகுதியை இறங்கி முடித்துவிடுகின்றது. எஞ்சிய வழியெல்லாம் புன்னைக்காயலில் கடல்புகுமளவும் சமநிலத்தில் மெல்ல நடந்து செல்கின்றது.

பாபநாசநாதர் திருக்கோயிலுக்கு எதிரே படித்துறையில் ஆறு அகன்று ஓடும். நீரில் பெரிய மீன்கள் அச்சமின்றித் திரியும். எவரும் அவற்றைப் பிடிப்பதில்லை. இக்காட்சி கண்ணுக்கு இனிது. ஆயின் படித்துறையின் கீழே கற்களின் இடுக்கில் சிக்கிக் கிடந்தவை கண்ணுக்கு இனியனவல்ல. நீராடினோர் ஆற்றில் விட்டுச்சென்ற வேட்டிகளும் சேலைகளும் பாசிபிடித்துக் கயிறுபோல் முறுக்கிக் கிடந்தன. தன்னார்வலர் அவ்வப்போது இறங்கி அள்ளிக் கரையேற்றுகின்றனர். மறு அமாவாசைக்குள் மீண்டும் நிறைந்துவிடுகின்றன. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்தாருக்குக் குடிநீராவது இந்நீரே. எவருடைய நம்பிக்கையையும் பழித்தற்கு எனக்கு உரிமை இல்லை. ஆயினும் பருத்தியால் நெய்த ஆடை மட்கும், இக்காலத்துச் செயற்கை நூலாடை மட்காது என்னும் வேறுபாட்டையேனும் நீராடுவோர்க்கு எடுத்துக் கூறுவார் ஒருவர் அப்படித்துறையில் இருத்தல் நலம்.

கோயிலைக் கடந்து சிறிது தொலைவில் வனத்துறையின் சோதனைச் சாவடி. இதற்கு மேல் உள்ளது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் தனித்தனியே சரணாலயங்களாயின. 1988இல் இரண்டும் ஒன்றாக்கப்பட்டன. ஈண்டு எவரும் தம் விருப்பம்போல் நுழைதலும் திரிதலும் இயலா. நெகிழிப் பைகளையும் புட்டிகளையும் சாவடியிலேயே களைந்தோம். முன்னரே பெற்ற இசைவுக் கடிதத்தைக் காட்டிய பின்னர், வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரை எங்களுடன் அனுப்பினர். காணிப் பழங்குடியைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கலாம், காலிற் செருப்பில்லை. எங்கள் ஊர் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்றே அழைத்தோம். அவர் எங்களைத் தம்பிகளா என்றார். ஆசிரியரை மட்டும் சார் என்றார்.

காணிமக்கள் இம்மலையின் இருபுறத்தும், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், வாழ்கின்றனர். அவர்களுடைய அறிவைப் பற்றி மாணவர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1987இல் கேரளப் பகுதியில் மலையேறிய தாவர அறிஞர்கள் களைத்து நின்றபோது, வழிகாட்டிய காணியர் மட்டும் ஒருவகைச் சிறு கனியைத் தின்று தளராது நடந்தனராம். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடி பின்னர் மருந்தாயிற்று. அதனால் வந்த ஊதியத்தில் ஒரு பங்கு காணியர்க்கும் வழங்கப்பட்டது. மலைவாணர் அறிவிற்கு விலை கொடுத்த நிகழ்ச்சிகள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் இஃது ஒன்று.

இனிக் காட்டினுட் செல்வோம். தொல்காப்பிய மரபியலை மனப்பாடம் செய்து, அதனால் விளைந்த சலிப்பையும் உடன் சுமந்து வந்த மாணவர்க்கு இவ்விடத்திலேயே புதிய கண் திறந்தது. குரங்கு, முசு, ஊகம் என மூவகையை ஆசிரியர் தொல்காப்பியனார் வேறுபடுத்துகின்றார். மூன்றன் பெண்ணும் மந்தி எனப்படும் என்கின்றார். முசுவின் ஆணைக் கலை என்றலும் உண்டு என்கின்றார். வகுப்பில் இவை மூன்றும் எமக்கு ஒன்றே. குரங்கு குரங்குதானே என்பது எம் துணிவு. சாலையோரத்தில் உணவுப் பொட்டலத்தை எதிர்நோக்கி உட்கார்ந்திருந்தது நாட்டுக்குரங்கு. அதனை யாவரும் அறிவோம். அரைமணி நேரம் நடந்த பின் உயர்ந்த மரக்கிளையினின்று கனைப்புப் போன்ற ஓரொலி எழுந்தது. அண்ணாச்சி விரலால் காட்டினார். கரிய மேனியும் மங்கிய பழுப்புத் தலையும் நீண்டு தொங்கும் வாலுமாக ஓருரு கிளைவிட்டுக் கிளை பாய்ந்து மறைந்தது. கருமந்தி என்றார். நீலகிரி லாங்கூர் என நூல்கள் கூறுவது இதுவே. இன்னும் மேலே, சோலைக் காடுகளில், சிங்கவால் குரங்கு உண்டு என்றார், அதுவும் கரியதே, முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரிமயிர் உடையது, மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாதது. அதனை யாம் அன்று காணவில்லை.

ஆக, மலையில் யாம் கண்டும் கேட்டும் அறிந்தவை மூவகை. நூலிலும் மூவகையே உள. முசு எது, ஊகம் எது? ஊகத்தைக் கருங்குரங்கு என்பது உரைவழக்கு. கரிய குரங்கோ ஈண்டு இரண்டாக நிற்கின்றது. முசுவின் ஆண் கலை என்னும் சிறப்புப் பெயர் பெறுதலின், பெருந்தாவல் உடைய லாங்கூர் இனத்தை முசு எனலாம் என்றார் ஒருவர். கலை என்பது மானுக்கும் பெயராதலால் தாவுந் தொழிலே இப்பெயர்க்குக் காரணமாகலாம் என்பது அவர் துணிபு. அங்ஙனமாயின் ஊகம் சிங்கவால் குரங்காதல் கூடும். மற்றொருவர், சமவெளியில் காணப்படும் சாம்பல் நிற லாங்கூரே முசு, கருமந்தியே ஊகம் என்று மறுத்தார். ஆசிரியர் இருவர் வாயையும் அடக்காது விட்டனர். எனக்கு இரண்டாவது கருத்தே வலியுடையதாகத் தோன்றுகின்றது. தொல்காப்பியனார் கண்ட நாடு பொதிய மலை மட்டும் அன்றே. இன்னொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. மந்தி என்பது பெண்ணின் பெயர் என்றது இலக்கணம். இன்று கருமந்தி என ஆணையும் பெண்ணையும் சேர்த்தே அழைக்கின்றோம். வழக்கு மாறியது பிழையாகாது. ஆனால் மாறிய காலம் எது என்று தேடினால் அது நல்லதோர் ஆராய்ச்சியாகும்.

அகத்தியர் அருவியில் நீராடினோம். அதனைப் பலரும் அறிவராதலின் விரித்தல் வேண்டா. ஒன்று மட்டும் கூறுவேன். நீர் விழும் இடத்துப் பாறையை நோக்குக. குடத்தின் உட்புறம்போல் வழுவழுப்பாக வட்டக் குழிகள் காணப்படும். சுழல்நீரில் அகப்பட்ட கூழாங்கல் வெளியேற வழியின்றி ஒரே இடத்தில் சுழன்று சுழன்று பன்னெடுங்காலமாகப் பாறையைக் குடைந்தமையால் ஆகிய குழிகள் அவை. குற்றாலத்துப் பேரருவி நேரே தலையில் விழாது பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த குழியில் விழுந்து பொங்கிப் பின்னரே கீழே வருதலும் இத்தகையதே. அக்குழி இல்லையேல் ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்து நீர்வீழ்ச்சியின் கீழ் எவரும் நிற்றல் இயலாது. நீர்வீழ்ச்சி என்னும் சொல்லை எழுதும்போதே ஓர் உறுத்தல். அது புத்தகச் சொல். நம் மாவட்டத்தார் வாயில் ஐந்தருவி, புலியருவி, சிற்றருவி என்று பழஞ்சொல்லே நின்று நிலவுகின்றது. சங்கப் புலவர் சொல்லை அங்காடிப் பெண்டிரும் பேருந்து நடத்துநரும் நாவில் வைத்துக் காக்கின்றனர்.

நண்பகல் உணவிற்குப் பின்னர் நிகழ்ந்ததே இச்செலவின் தலையாய பாடம். ஆற்றொடு கலக்கும் காட்டோடை யொன்றன் கரையில் தங்கினோம். நீர் முழங்காலளவே இருந்தது, பளிங்கு போன்றது, அடியிற் கிடந்த மணலை எண்ணலாம். சிலர் ஓடையின் நடுவே இருந்த பாறையின்மேல் ஏறி அமர்ந்து பாடிக்கொண்டிருந்தனர். வானம் எங்கள் தலைக்குமேல் தெளிந்து வெயில் காய்ந்தது. நீரையே நோக்கி நின்ற அண்ணாச்சி திடீரெனக் குரல் கொடுத்தார்.

“தம்பிகளா, துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டு மேல வாங்க. தண்ணி கலங்குது.”

பாறைமேல் இருந்த ஒருவர், “வெயில்தான அடிக்குது அண்ணாச்சி, மழை எங்க இருக்கு?” என்றார்.

“இங்க வெயிலு. மேல மழை. தண்ணி மேலருந்துதான வரும்?”

அவர் குரலில் சினம் இல்லை. ஆயின் மறுமுறை கூறவும் அவர் விரும்பவில்லை. ஆசிரியர் கடிந்து அழைக்கவே முணுமுணுத்துக்கொண்டு யாவரும் கரையேறினர். இன்னும் மேலே, இன்னும் மேலே என்று எங்களைத் தென்னை யுயரத்திற்கு ஏற்றினார். யாம் நோக்கியபோது ஓடைநீர் தேநீர் நிறங் கொண்டிருந்தது. அதன்மேல் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. சிறிது பொழுதில் மேலிருந்து ஓரொலி கேட்டது. காற்றொலி என்றே எண்ணினோம். கால்மணி நேரம் கழிந்திருக்கும். அவர்கள் அமர்ந்திருந்த பாறையைக் காணவில்லை. ஓடை இருந்த இடத்தில் செந்நீர் கரைமுட்டி உருண்டது. நீரின் அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதும் ஓசை எங்கள் உள்ளங்காலில் தெரிந்தது. பாட்டு நின்றுபோயிற்று.

வெள்ளம் வருமுன் அறிதற்குரிய குறிகளை அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டோம். நிறம் மாறுதல் முதற் குறி. புதுச் சருகு மிதந்து வருதல் இரண்டாவது. பழைய சருகு கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும், புதுச் சருகு நடுநீரில் வரும். நீர்மட்டம் விரலளவு உயர்ந்தாலும் கரையேறவேண்டும். அதற்காகவே அவர் வந்தவுடன் ஒரு கல்லை நீர்விளிம்பில் வைத்திருந்தார், யாம் அதனை நோக்கவில்லை. மண்மணம் மற்றொன்று. ஒலியை நம்பி நிற்றல் கூடாது என்றார். ஒலி கேட்கும்போது காலம் கடந்திருக்கும். மழையே இல்லாத நாளிலும் அணையினின்று நீர் திறந்துவிடப்பட்டால் பேராற்றில் மட்டம் உயரும் என்பதும் அவர் கூறியதே.

இவ்விரைவிற்குக் காரணம் தெளிவு. மலையுச்சியின் சரிவுகள் செங்குத்தானவை. பல இடங்களில் வெறும் பாறை. ஆங்கு ஒரு நாழிகை பெய்த மழை முழுதும் குறுகிய ஓடையொன்றில் ஒரே முறையில் வந்து விழுகின்றது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடுமென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவருடைய உயிரைக் கொண்டது. அவர் எம்மினும் இளையவர். ஆங்கும் அருவியின் கீழ் நின்றோர் மேலே பெய்ததை அறிந்திலர்.

வெள்ளம் இங்ஙனம் விரைந்து வடியுமாயின், மழையில்லா மாதங்களில் ஆற்றில் நீர் எங்ஙனம் ஓடும்? இவ்வினாவை மாணவர் கட்டாயம் கேட்டல் வேண்டும். விடை சோலையில் உள்ளது. பாறையில் விழுந்த நீரே உடனே ஓடுகின்றது. சோலையில் விழுந்த நீர் இலைகளில் தங்கிச் சொட்டி, சருகு மெத்தையில் இறங்கி, வேர்கள் துளைத்த மண்ணினுட் புகுந்து, வாரக்கணக்கில் மாதக்கணக்கில் மெல்லக் கசிந்து வருகின்றது. கோடையில் நாம் குடிப்பது சென்ற பருவத்து மழையையே. சருகுப் படிவமும் மண்ணும் அழிந்த சரிவில் மழை குறையாவிடினும் ஊற்று வற்றும். மாரியில் வெள்ளமும் கோடையில் வறட்சியுமாக ஆறு இருமுகங் கொள்ளும். ஆயினும் காடு எவ்வளவு செழித்திருப்பினும் தாங்குமளவு ஒன்றுண்டு. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மழை பதிவாயிற்று. மலையிலும் சமநிலத்திலும் ஒருங்கே பெய்த அம்மழையால் பொருநை கரைகடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் இரயில்வண்டி யொன்று பயணிகளுடன் நின்றுவிட்டதனை யாவரும் நினைவு கூர்வர்.

மாலையில் காரையாறு சென்று பாபநாசம் மேலணையைக் கண்டோம். இதன் நிறைமட்டம் 143 அடி. 1986இல் கட்டிய சேர்வலாறு அணை 156 அடி. இரண்டும் மலையைக் குடைந்த சுரங்கவழியால் இணைந்துள்ளன. நாளிதழில் மழைக்காலந்தோறும் அணைமட்டம் என்று அச்சாகும் எண்களைப் பொருளறியாது கடந்து போவோம். அவ்வெண்களின் உருவம் இதுவே. நீர்த்தேக்கத்தின் அப்பாலுள்ளது பாணதீர்த்தம். முன்னாளில் மக்கள் படகேறிச் சென்று அதனைக் கண்டு மீண்டனர். இக்காலத்தில் வனத்துறையார் இசைவின்றி அங்குச் செல்லவொண்ணாது. எங்களுட் சிலர்க்கு இதில் மனக்குறை உண்டு. பகலில் கண்ட செந்நீரை எண்ணுமிடத்து எனக்கு அக்குறை இல்லை.

அணையின்மேல் நின்று ஆசிரியர் முக்கூடற் பள்ளைப் பற்றிப் பேசினார். மலையிற் பிறந்த வெள்ளம் திணைதோறும் புகுந்து ஆங்காங்குள்ள பொருள்களை வாரிக்கொண்டு வயலை அடைவதாக அந்நூல் பாடுகின்றது. அதனைக் கற்பனை என்று கற்றோம். தென்னை யுயரத்திலிருந்து ஓடையை நோக்கியவர்க்கு அது கண்டெழுதிய கணக்கு என்பது தோன்றும். அண்ணாச்சி அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று வினவினார். பெயர் தெரியவில்லை என்றார் ஆசிரியர். “பேரு தெரியாட்டி என்ன சார், வெள்ளத்த நின்னு பாத்த ஆளு” என்று கூறிவிட்டு, வாயிலை மூடும் நேரம் ஆயிற்று என்று எங்களை வண்டிக்கு அனுப்பினார்.